பாசி ஒன்றன்று

குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர் தலைவியின் பசலைக்கு ஓர் உவமை கூறுகிறார். ஊரார் நீருண்ணும் கேணித்துறையில் மிதக்கும் பாசி, கை பட்டவிடத்து அகன்று, கை எடுத்ததும் மீண்டும் கூடுவது போலவே தலைவியின் பசலையும் இயங்குகின்றது என்பது அதன் கருத்து. இவ்வுவமையின் அகப்பொருள் நயத்தை நாம் வகுப்பறைகளிற் பலமுறை வியந்திருக்கிறோம். அதனுள் அடங்கிய வேறோர் உண்மையை வியப்பதில்லை. அக்கேணி குடிநீர்க் கேணி. அதன் துறையிற் பாசி இருந்தது. அப்பாசி நீரின்மேல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அருகிருந்து நோக்கிய ஒரு கண்ணும் இருந்தது. இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிற் குளங்கள் உள்ளன, பாசியும் உள்ளது. அருகிருந்து நோக்கும் கண்தான் அரிதாகிவிட்டது.

'பாசி' என்னும் ஒரே சொல்லால் நாம் எத்தனையோ உயிர்களை ஒருங்கே மூடிவிடுகிறோம். கிணற்றுக் கட்டின் வழுக்கல், குளத்தின்மேல் மிதக்கும் பச்சைப் படை, கோவில் மதிலிற் படிந்த கருமை, வயற்சேற்றின் மேற்றோல், மழைக்குப் பின் தரவையிற் காணும் வழவழப்பான கட்டிகள் ஆகிய யாவும் எமக்குப் பாசியே. அவற்றுட் சில மண்ணை வளமாக்குவன. சில எவ்விதத் தீங்கும் செய்யாதன. சில, நீரை உண்பவரின் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை ஆக்க வல்லன. நன்மை செய்வதும் தீமை செய்வதும் ஒரே பெயரால் வழங்குமிடத்து இரண்டையும் ஒரே விதமாக நடத்துவதே வழமையாகிவிடும். வழித்தெறிதல், மருந்து கொட்டுதல், பாராமுகமாயிருத்தல் என்பவற்றுக்கு அப்பால் எமக்கு வேறு வழி தெரியாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

குடாநாட்டின் நன்னீர்நிலைகளில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளை நீர்நிலை நீர்நிலையாக, மாதம் மாதமாகப் பதிவு செய்யும் கடமை எமது பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்பதும், அக்கடமையை ஒத்திவைப்பதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்றேனும் நிற்கத்தக்கதன்று என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வுயிர்கள் யாவை?

நீலப்பச்சைப் பாசி என வழங்கப்பட்டாலும் இவை உண்மையிற் பற்றீரியாக்களே. இவற்றின் கலத்தினுள் சவ்வினாற் சூழப்பட்ட கரு இல்லை. ஆயினும் தாவரங்களைப் போல ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனை வெளிவிடுகின்றன. ஆதலின் விஞ்ஞானிகள் இவற்றைச் சயனோபற்றீரியா என்பர். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் புவியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் சேரத் தொடங்கியமைக்கு இவையே காரணம். தாவர இலையிலுள்ள பச்சையவுருமணி, பண்டை நாளில் வேறொரு கலத்தினுட் குடிபுகுந்த சயனோபற்றீரியாவின் வழித்தோன்றலே என்னும் கருத்தை 1905இல் உருசிய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி முன்வைத்தார். நெடுங்காலம் ஏளனத்துக்குள்ளான அக்கருத்தை 1967இல் லின் மார்குலிஸ் புதுப்பித்தார். இன்று அது பாடநூல் உண்மை. எமது பனையும் நெல்லும் புகையிலையும் சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கும் ஆற்றல் இவ்வுயிர்களிடமிருந்து வந்ததாகும்.

இவற்றுட் பல, வளியிலுள்ள நைதரசனைப் பதிக்க வல்லன. அனபீனா, நொஸ்ரொக் ஆகிய சாதிகளின் மணிமாலை போன்ற இழைகளில் இடைக்கிடையே தடித்த சுவருடைய தனிக் கலங்கள் காணப்படும். ஒட்சிசன் புகாத அக்கலங்களே நைதரசனைப் பதிக்கும் தொழிற்சாலைகள். நெல் வயல்கள் உரமின்றியும் ஆண்டாண்டாக விளைச்சல் தருவதன் மருமத்தை 1939இல் இந்திய ஆய்வாளர் பி. கே. டே நீலப்பச்சைப் பாசிகளைக் கொண்டு விளக்கினார். 1980இல் பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'நீலப்பச்சைப் பாசிகளும் நெல்லும்' என்னும் நூலின் ஆசிரியர் இருவருள் ஒருவர், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய. இத்துறையில் உலகம் எடுத்தாளும் நூலொன்றை எழுதும் தகுதி இந்நாட்டுத் தாவரவியலுக்கு இருந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

ஏடுகளில் இலங்கையும் எமது குடாநாடும்

வெப்பவலய நன்னீர்ப் பாசிகளின் ஆய்வு வரலாற்றில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. 1902இல் வெஸ்ற் குடும்பத்துத் தந்தையும் மகனும் இலங்கையின் நன்னீர்ப் பாசிகள் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். 1907இல் இங்கிலாந்தின் எஃப். ஈ. ஃபிறிற்ஷ், இலங்கையின் நிலமேற்பரப்பிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் வாழும் பாசிகள் பற்றி றோயல் சங்கத்தின் ஏட்டில் விரிவான ஆய்வொன்றை எழுதினார். குளிர்நாடுகளிற் பச்சைப் பாசிகள் பெறும் இடத்தை வெப்பநாடுகளில் நீலப்பச்சைப் பாசிகள் பெறுகின்றன என அவர் எடுத்துக்காட்டியமை இத்துறைக்கு ஓர் அடிக்கல்லாயிற்று. அதே ஆண்டில் ஜேர்மனியின் லெமர்மான் இலங்கை நீர்நிலைகளின் மிதவையுயிர்களை ஆராய்ந்தார். 1923இல் டபிள்யூ. பி. குறோ இலங்கையின் மைக்குரோசிஸ்ரிஸ் சாதியை எடுத்துக்கொண்டு, அதன் வடிவ வேறுபாடுகளை விளக்கினார். 1955இல் ஹொல்சிங்கர் மூன்று ஏரிகளின் மிதவைப் பாசிகள் காலந்தோறும் மாறுவதை வெளியிட்டார். பின்னர்ப் பராக்கிரம சமுத்திரம் ஒஸ்திரிய, இலங்கை அறிஞர்களின் கூட்டாய்வுக்கு உள்ளாகி, அதன் பயன் 1983இல் நூலாயிற்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் தொடக்கிவைத்த பாசியியல் மரபிலிருந்து டி. வி. தேசிகாச்சாரியின் 'சயனோபைற்றா' என்னும் பெருநூல் 1959இல் வெளிவந்தது. தெற்காசியாவில் நீலப்பச்சைப் பாசியை இனங்காண முயலும் எவரும் இன்றும் அந்நூலைத் திறவாமல் அப்பாற் செல்ல இயலாது.

இவ்வரலாறு பெருமைக்குரியது. ஆயின் இதன் மையம் எங்கே உள்ளது என்பதைக் கவனித்தல் வேண்டும். கொழும்பின் பேர வாவி, உலர்வலயத்தின் பெருங்குளங்கள், மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் என்பனவே ஆய்வாளரை ஈர்த்துவந்துள்ளன. ஆறில்லாத, சுண்ணக்கல்லின்மேற் கிடக்கும், மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் சிறுகுளங்களின் நாடாகிய எமது குடாநாடு அவ்வரிசையில் மையம் பெறவில்லை. சிதறிய ஆய்வேடுகளும் பட்டத்துக்கென எழுதப்பட்டு நூலகத்தில் அடங்கும் அறிக்கைகளும் ஒரு நாட்டின் பதிவேடு ஆகா.

நீர்நிலைகளின் பன்மை

குடாநாட்டில் ஆராய்வதற்கு என்ன உண்டு என்று வினவுவோர் தம்மைச் சுற்றி நோக்குவாராக. இங்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் குட்டைகளும் கேணிகளும் உள்ளன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களில் வாடைக்காற்றோடு பெய்துவிடுகிறது. தைமாதத்தில் விளிம்புவரை நீர் தளும்பும் குளம் ஆடிமாதத்தில் வெடித்த சேறாகக் கிடக்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஆறு மாதத்தில் நீரின் ஆழம், வெப்பம், உப்பு, ஊட்டம் ஆகிய அனைத்தும் மாறுகின்றன. இம்மாற்றத்துக்கு ஈடுகொடுக்க வல்ல உயிர்களே அங்கு நிலைக்கும். வெப்பவலயத்தில் இத்தகைய இடங்களிற் சயனோபற்றீரியாக்கள் பொதுவாக மேலோங்குவதற்குக் காரணம் உண்டு. அவற்றுட் சில தடித்த சுவருடைய உறங்குகலங்களாகச் சேற்றினுட் காத்திருக்கும். நொஸ்ரொக் உலர்ந்து கருகிய தோலாகப் பல மாதம் கிடந்து, முதல் மழையில் ஊதிப் பருத்து உயிர்பெறும். ஒசிலற்றோரியா ஈரச் சேற்றின்மேற் பாயாகப் படரும். மைக்குரோசிஸ்ரிஸ் தன் கலத்தினுள் வளிப்பைகளை ஆக்கி, ஒளியை நாடி மேலெழுந்து மிதக்கும்; காற்று வீசும் பக்கக் கரையிற் சென்று குவியும்.

குளங்கள் மட்டுமா? மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் கொண்ட நிலாவரை ஒரு தனி உலகம். கடலோரத்தே ஊறும் கீரிமலைக் கேணி மற்றோர் உலகம். நல்லூரில் 'ப' வடிவிற் கட்டப்பட்ட யமுனா ஏரியின் படிக்கட்டும், மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றின் படுகையும், நெல்வயலின் வரம்போரச் சேறும், தோட்டத்து நீர்த்தொட்டியும் வெவ்வேறு வாழிடங்கள். சுண்ணக்கல் மதில்களிலும் கோபுரங்களிலும் படிந்து, எமது மக்களால் 'கறுப்புப் பிடித்தது' எனப்படும் படைகூடப் பெரும்பாலும் சைற்றோனீமா, குளோயோகப்சா போன்ற சாதிகளின் குடியிருப்பாகும். ஃபிறிற்ஷ் 1907இல் நிலமேற்பரப்புப் பாசிகளுக்குத் தனியிடம் அளித்தமைக்குக் காரணம் இத்தகைய காட்சிகளே. அக்காட்சியை நாள்தோறும் காணும் நாம் வண்ணம் பூசி மறைப்பதோடு அமைகிறோம்.

கிணற்று நீரிலிருந்து மேற்பரப்பு நீருக்கு

இதுவரை கூறியவற்றை அறிவார்வத்தின் பாற்பட்டவை என ஒருவர் ஒதுக்கலாம். இனிக் கூறுவதை அங்ஙனம் ஒதுக்க இயலாது.

யாழ்ப்பாணத்தவர் வரலாறு முழுவதும் கிணற்றுநீர் உண்டவர். ஒளி குன்றிய ஆழக் கிணற்றில் ஒளித்தொகுப்பால் வாழும் உயிர் பெருகுதல் அரிது. ஆகவே குடிநீரைப் பற்றிய எமது மரபறிவு முழுவதும் உவர், கயர், நன்னீர் என்னும் சுவை வேறுபாட்டைச் சார்ந்தே வளர்ந்தது. நீரில் வாழும் நுண்பாசியின் நஞ்சைப் பற்றிய அறிவு எமக்குத் தேவைப்படவில்லை.

அந்நிலை மாறிவருகிறது. செம்மண் தோட்டங்களில் இறைத்த நீர் நிலத்தடிக்கே திரும்புகையில் உரத்தின் நைத்திரேற்றையும் கொண்டு செல்கிறது. நெருங்கிய குடியிருப்புகளின் மலசலக்குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள கிணறுகள் பல இங்குள்ளன என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. கரையோரக் கிணறுகள் உவராகின்றன. எனவே கிணற்றை விட்டு வேறு நீரை நாடவேண்டியுள்ளது. 2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் மழைநீரை மேற்பரப்பிலேயே தேக்கிவைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுவாகவே உள்ளது. குளங்களைத் தூர்வாரும் வேலைகள் இவ்வெண்ணத்தின் சிறு வடிவம். ஆனையிறவு, வடமராட்சி, உப்பாறு ஆகிய கடல்நீரேரிகளை இணைத்து நன்னீராக்கும் நோக்குடன் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் அதன் பெரு வடிவம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமைந்த தடுப்பணைகள் அக்கனவின் உறுப்புகள்.

இக்கனவை எதிர்ப்பது எனது நோக்கமன்று. ஆயினும் ஒரு வினாவை எழுப்பாதிருத்தல் தகாது. ஆழங்குறைந்த, வெதுவெதுப்பான, காற்றோட்டமுடைய, சுற்றுப்புறத் தோட்டங்களின் உரம் வந்து சேரும் நன்னீர்ப் பரப்பொன்றை உண்டாக்கினால், அங்கு முதலிற் குடியேறுபவர் யாவர்? ஏரியியல் தரும் விடை சயனோபற்றீரியா என்பதே. கடலோடு பொருந்திய ஏரிகள் இதற்கு விலக்கல்ல. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு பற்றி விஞ்ஞான ஏட்டில் வெளிவந்த முதற் செய்தியே அத்தகைய ஏரியைப் பற்றியது. தென் அவுஸ்திரேலியாவில் மறே நதி கடலோடு கலக்குமிடத்திலுள்ள அலெக்சாந்திரினா ஏரியில், 1878இல் நொடுலாறியாப் படையுடன் நீரை அருந்திய ஆடுகளும் குதிரைகளும் நாய்களும் பன்றிகளும் மாண்டதை ஜோர்ஜ் பிரான்சிஸ் 'நேச்சர்' ஏட்டில் எழுதினார். நொடுலாறியா சற்று உவர்கலந்த நீரை விரும்பும் சாதி. எமது தடுப்பணைகளுக்கு உட்பக்கத்து நீர், நன்னீராகும் வழியிற் கடந்து செல்லும் நிலையும் அதுவே.

நஞ்சின் கணக்கு

1979 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் 148 பேர் ஈரல், சிறுநீரகப் பாதிப்புகளுடன் நோயுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர். குடிநீர்த் தேக்கத்திற் பாசி படர்ந்தது என்று செப்புச் சல்பேற்று இடப்பட்ட சில நாள்களின் பின்னரே நோய் தோன்றியது. தேக்கத்திற் பெருகியிருந்த சிலிண்ட்ரோஸ்பேமொப்சிஸ் என்னும் சயனோபற்றீரியாவின் கலங்கள் மருந்தினால் வெடித்து, உள்ளிருந்த நஞ்சு நீரிற் கலந்தது என்பது பின்னர் வந்த முடிவு. 1996இல் பிறேசிலின் கறுவாறு நகரிற் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையமொன்றுக்கு வழங்கப்பட்ட நீரில் மைக்குரோசிஸ்ரின் நஞ்சு இருந்தது. 131 நோயாளருள் 116 பேர் பாதிக்கப்பட்டனர். 52 பேரின் இறப்புக்கு அந்நஞ்சே காரணமெனக் கொள்ளப்பட்டது. 2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் ரொலிடோ நகரத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குழாய்நீரை அருந்தவேண்டாமென எச்சரிக்கப்பட்டனர். கொதிக்கவைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை. நீர் ஆவியாகும்போது அதன் செறிவு கூடவுஞ் செய்யும். எமது நாட்டிலும் 1991இல் கொத்மலை நீர்த்தேக்கம் மைக்குரோசிஸ்ரிஸ் பெருக்கத்தாற் பசுமை படர்ந்து கிடந்தது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மைக்குரோசிஸ்ரினுக்கு 1998இல் தற்காலிகமாக விதித்த எல்லை லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! அவ்வளவு நுண்ணிய அளவை மூக்கும் நாக்கும் அறியா. கண்ணும் எப்போதும் அறியாது. மைக்குரோசிஸ்ரிஸ் மேலெழுந்து படையாகி எமக்கு எச்சரிக்கை தருகிறது. சிலிண்ட்ரோஸ்பேமொப்சிஸோ படை கட்டுவதில்லை. நீர் முழுவதும் பரவி நிற்கும். 'பாசியில்லை, நீர் நல்லது' என்று கரையில் நின்று கூறும் தீர்ப்பு அங்கு செல்லாது.

மறுப்போர்க்கு மறுமொழி

இப்பதிவுப் பணி வேண்டா என்பாரின் வாதங்களை இனி ஆராய்வோம்.

'பாசியென்றால் அழுக்கு, அழுக்கை அகற்றினாற் போதும், பெயர் எதற்கு?' என்பது முதல் வாதம். குளத்தைச் சுற்றிச் சீமெந்துக் கட்டு அமைத்து, நடைபாதை போட்டு, விளக்கேற்றி, உள்ளே வளர்ந்த ஆம்பலையும் தாமரையையும் கோரையையும் வேரோடு களைந்து அழகுபடுத்தும் போக்கு இவ்வாதத்தின் செயல்வடிவம். இதன் விளைவு நோக்கத்துக்கு நேர்மாறாக முடிவதுண்டு. ஆழங்குறைந்த நீர்நிலைகள் இரு நிலைகளுள் ஒன்றிலேயே நிலைக்கும் என்பது ஏரியியலாளர் கண்ட உண்மை. நீர்த்தாவரங்கள் செழித்து நீர் தெளிந்திருத்தல் ஒன்று. தாவரங்கள் அழிந்து நுண்பாசிகளால் நீர் கலங்கியிருத்தல் மற்றொன்று. ஊட்டத்துக்கும் ஒளிக்கும் நுண்பாசியோடு போட்டியிடும் தாவரத்தை நாமே களைந்துவிட்டு, பின்னர்க் குளம் பச்சையாயிற்று என்று வருந்துவதிற் பொருளில்லை. அப்பச்சையை நீக்க மருந்து கொட்டுவோர் பாம் தீவின் கதையை மீண்டும் ஒருமுறை வாசிப்பாராக. தூர்வாருதலை நான் குறைகூறவில்லை. சேற்றோடு சேர்ந்த பொசுபேற்றை அகற்ற அது நல்வழி. எதை அகற்றுகிறோம், எதை விட்டுவைக்கிறோம் என்பதை அறிந்து செய்க என்பதே என் கூற்று.

இரண்டாம் சாரார் இதற்கு எதிர்முனையில் நிற்பவர். 'இயற்கையாய் விளைந்தது தீங்கு செய்யாது. செயற்கை உரமும் பீடைகொல்லியுமே பகை. நீலப்பச்சைப் பாசி உயிருரம், சுருட்பாசி சத்துணவு' என்பது அவர் கூற்று. இதில் அரை உண்மை உண்டு. நைதரசன் பதிக்கும் பாசி வயலுக்கு உரமே. ஸ்பிருலினா என விற்கப்படும் பாசி உணவே. ஆயின் நஞ்சை ஆக்கும் மைக்குரோசிஸ்ரிசும் இயற்கையே. நஞ்சு என்றால் ஆலையிலிருந்து வருவது என்று எண்ணிப் பழகியோர்க்கு, உயிரொன்று தன் போக்கில் ஆக்கும் நஞ்சு கண்ணிற் படுவதில்லை. மேலும் இவ்விரண்டும் தொடர்பற்றவையுமல்ல. நாம் இடும் உரமே இயற்கை நஞ்சுக்கு உணவாகிறது. நைத்திரேற்றும் பொசுபேற்றும் மிகுந்த நீரில், வளியிலிருந்து நைதரசனைப் பதிக்கும் சாதிகளுக்கு இருந்த தனிச்சிறப்புக் குறைந்து, மைக்குரோசிஸ்ரிஸ் போன்றவை முந்திக்கொள்ளும். 'நைத்திரேற்றுப் பிரச்சினை இருக்கப் பாசி எதற்கு?' என்போர்க்கும் இதுவே விடை. கிணற்றில் நைத்திரேற்றாக அளக்கப்படுவதும் குளத்திற் பாசியாக மிதப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

மூன்றாம் வாதம் பல்கலைக்கழகத்தினுள்ளேயே கேட்கப்படுவது; ஆதலின் அதுவே அதிகம் வருத்துவது. 'பெயர்ப்பட்டியல் தொகுப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானம். இது மரபணு யுகம். இனங்களை எண்ணிக்கொண்டிருப்பதால் உயர்ந்த ஏடுகளிற் கட்டுரை வெளிவராது' என்பது அது. மரபணு முறைகளை நான் குறைத்து மதிப்பிடேன். 1996இல் முதன்முதலாக முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட ஒளித்தொகுப்பு உயிர் ஒரு சயனோபற்றீரியாவே. ஒரே இனத்தினுள் நஞ்சு ஆக்கும் குலமும் ஆக்காத குலமும் அருகருகே வாழ்வதால், நுணுக்குக்காட்டி மட்டும் போதாது என்பதும் உண்மை. ஆயின் மரபணு வரிசையை எதனோடு ஒப்பிடுவது? வெப்பவலயத்து உயிர்களுக்கு ஐரோப்பிய இனப்பெயர்களைப் பொருந்தாவிடத்தும் பொருத்திவிட்ட பழைய குறையைச் செக் நாட்டு அறிஞர் கொமாறெக் முதலியோர் பல்லாண்டு உழைத்துத் திருத்திவந்துள்ளனர். உள்ளூர் நீரிலிருந்து எடுத்து, உருவம் வரைந்து, வளர்ப்பூடகத்திற் பேணி, மரபணுவும் வாசிக்கப்பட்ட குலங்கள் எம்மிடம் இருந்தாலன்றி, பிறர் தொகுத்த தரவிலே எமது குளத்தைத் தேடுவோராகவே நாம் இருப்போம். பட்டியல் விஞ்ஞானத்தின் முடிவன்று என்பது சரியே. தொடக்கம் இல்லாமல் முடிவு வருவது எங்ஙனம்?

'உயர்ந்த ஏடு' என்னும் அளவுகோலையும் இங்கு கேள்விக்குட்படுத்தல் வேண்டும். ஊர்க் குளத்து நீரை அருந்தலாமா என்பது ஊராரின் வினா. அவ்வினாவுக்கு விடை கூறும் பணி பதவியுயர்வுக்குப் பயன்படாதெனின், குறை அப்பணியிலன்று. பதவியுயர்வுக்கு வகுத்த விதியிலேயே உள்ளது. மக்கள் வரியினாலும் மக்கள் பிள்ளைகளாலும் நடக்கும் நிறுவனம் மக்கள் அருந்தும் நீரை ஆராயாது ஒதுங்கி நிற்பதற்கு அறிவுலகில் எந்த நியாயமும் இல்லை.

நான்காவதாக, 'இவற்றைத் தமிழில் எழுத இயலாது. மக்களுக்கு விளங்காது' என்பாரும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மனித உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழிற் கற்பித்தும் எழுதியும் காட்டிய மண் இது. ஒளித்தொகுப்பு, பச்சையவுருமணி, கலம், அங்கி என்னும் சொற்களைக் கொண்டு எமது மாணவர் பல தலைமுறையாக உயிரியலைத் தமிழிற் கற்றுவருகின்றனர். மொழியில் வறுமை இல்லை. வழுக்கல், படை, தோல், கட்டி எனப் பாசியின் நிலைகளைக் குறிக்க ஊர்ச் சொற்களும் உள்ளன. அவற்றை இனப்பெயரோடு இணைத்து வழங்கினால், ஒரு பாடசாலை மாணவனே தன் ஊர்க் குளத்தின் காவலனாவான்.

செய்யவேண்டியவை

குறைகூறி விலகுதல் எளிது. ஆகவே செய்யத்தக்கவற்றையும் கூறுகிறேன். குடாநாட்டின் பல்வகை நீர்நிலைகளுட் சிலவற்றைத் தெரிந்து, நிலையான இடங்களிலிருந்து மாதந்தோறும் நீர் எடுக்கப்படல் வேண்டும். மாரியில் நிறையும் நாள் முதற் கோடையில் வற்றும் நாள்வரை எச்சாதி எப்போது தோன்றி எப்போது மறைகின்றது என்பது அதனாற் புலப்படும். ஒவ்வொரு முறையும் வெப்பம், உப்பு, நைத்திரேற்று, பொசுபேற்று ஆகியன அளக்கப்படல் வேண்டும். இதற்கு முதலில் வேண்டுவது நல்ல நுணுக்குக்காட்டி ஒன்றும் பொறுமையுள்ள கண்களும் தேசிகாச்சாரியின் நூலும் அண்மைக்கால வகைப்பாட்டு ஏடுகளுமே. நஞ்சாக்கும் சாதிகள் தென்படும் நீரை மட்டும் நஞ்சுச் சோதனைக்கு அனுப்பினாற் செலவும் அடங்கும். தனிமைப்படுத்திய குலங்களைப் பேணும் சிறு வளர்ப்பகம் ஒன்று தாவரவியற்றுறையின் நிரந்தர உடைமையாதல் வேண்டும். பெறுபேறு ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிடப்பட்டு, உள்ளூராட்சி மன்றங்களின் கையிற் சேரல் வேண்டும். குளமொன்றைத் தூர்வாரவோ கட்டவோ மூடவோ முனையும் மன்றம் முதலில் அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வழமை உண்டாதல் வேண்டும். தடுப்பணைகளுக்கு உட்பக்கத்து நீரைக் குடிநீராக்கும் எத்திட்டமும், பாசி பற்றிய ஆண்டு முழுவதுமான தரவு இன்றி ஏற்கப்படலாகாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஒவ்வொருவரின் ஊரிலும் ஒரு குளம் உண்டு. அதன் பெயரை அறிவீர்கள். அதன் கரையிலுள்ள கோவிலின் பெயரையும் அறிவீர்கள். அந்நீரில் வாழும் உயிர்களின் பெயரை அறிந்தவர் எம்மிடையே எத்தனை பேர்? 1907இல் இலண்டனிலிருந்த ஒருவர் எமது தீவின் பாசியை எண்ணி எழுதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் எமது குளத்தைப் பிறர் வந்து எண்ணட்டும் என்று காத்திருப்போமாயின், எமக்குத் தாவரவியற்றுறை எதற்கு, ஆய்வுகூடம் எதற்கு, பட்டம்தான் எதற்கு? இம்மாரியில் குளங்கள் நிறையும். நிறையும் முதல் நாளிலேயே பதிவேட்டின் முதல் ஏடு எழுதப்படுக.